நடுக்களத்தில் பாபி சார்ல்டன்

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் கால்பந்தாட்டப் பேச்சு எழுந்தால் வங்க நண்பர்களே முன்னிற்பர். நம்மவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இடைவெளி கிடைத்தவுடன் ஒரே ஒரு கேள்வியைப் போடுவோம்: “அவர் எத்தனை கோல் அடித்தார்?” கிரிக்கெட்டில் ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் எண்ணிப் பழகிய மனம் அப்படித்தான் கேட்கும். முன்னணியில் நின்று பந்தை வலைக்குள் அடிப்பவரைப் பற்றி இவ்வாறு கேட்பதில் பிழையில்லை. ஆனால் ஆடுகளத்தின் நடுவே நின்று ஆடுபவரை இந்தக் கேள்வியால் அளக்க முடியுமா? கோல் ஒன்றே அளவுகோல் ஆகுமா? இங்கிலாந்தின் பாபி சார்ல்டனை எடுத்துக்கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

எண்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அவை நம்மைத் தொந்தரவு செய்யா. இங்கிலாந்து நாட்டுக்காக 106 ஆட்டங்கள், 49 கோல்கள். மான்செஸ்டர் யுனைடெட் கழகத்துக்காக 758 ஆட்டங்கள், 249 கோல்கள். இவை நெடுங்காலம் உச்ச எண்களாக நின்றன. கழகத்துக்காக ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையை ரயன் கிக்ஸ் 2008-இல் கடந்தார். நாட்டுக்காக அடித்த கோல்களை வெய்ன் ரூனி 2015-இலும், கழகத்துக்காக அடித்தவற்றை அவரே 2017-இலும் கடந்தனர் என்று ஏடுகள் குறிக்கின்றன. எண்ணிக்கைதான் எல்லாம் என்றால் சார்ல்டனின் கணக்கு அன்றோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2023 அக்டோபர் 21-ஆம் நாள் தமது 86-ஆம் வயதில் அவர் மறைந்தபோது, அவருடைய ஆட்டத்தை நேரில் கண்டிராத தலைமுறையும் துயர் கொண்டது. கோல் எண்ணிக்கையில் அடங்காத ஏதோ ஒன்று அவரிடம் இருந்தது என்றுதானே பொருள்?

முதலில் நடுக்களம் என்பது யாது என்று பார்ப்போம். சார்ல்டன் சிறுவனாயிருந்த காலத்தில் இங்கிலாந்தின் அணிகள் ‘டபிள்யூ - எம்’ என்னும் அமைப்பில் ஆடின. பின்னே மூவர், அவர்க்கு முன் இருவர், அவர்க்கும் முன் இருவர், முனையில் மூவர். இடையிலுள்ள நால்வரும் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகள் போல நின்றனர். பின் மூலைகளில் நின்ற இருவர் தடுப்பவர்கள். முன் மூலைகளில் நின்ற இருவர் ‘உள் முன்னணியர்’, அதாவது தாக்குபவர்கள். யார் எங்கே நிற்கவேண்டும், யார் யாரைக் காக்கவேண்டும் என்பதெல்லாம் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்தே தெரிந்துவிடும். 1953 நவம்பரில் ஹங்கேரி அணி வெம்பிளிக்கு வந்து இங்கிலாந்தை 6-3 என்று வென்றபோது இந்த ஒழுங்கு குலைந்தது. 9 என்ற எண்ணை அணிந்த ஹிடெக்குட்டி முனையில் நில்லாமல் பின்வாங்கி நடுவே ஆடினார். அவரைப் பின்தொடர்ந்து செல்வதா, நின்ற இடத்திலேயே நிற்பதா என்று தெரியாமல் இங்கிலாந்தின் மையக் காப்பாளர் திகைத்தார். ஹிடெக்குட்டி மூன்று கோல்கள் அடித்தார். 1958-இல் பிரேசில் நால்வர், இருவர், நால்வர் என்ற அமைப்பில் உலகக் கோப்பையை வென்றது. இதில் நடுவே எஞ்சியவர் இருவரே. முன்பு நால்வர் பகிர்ந்துகொண்ட வேலையை இப்போது இருவரும், பின்னாளில் மூவரும் செய்யவேண்டியதாயிற்று. தடுக்கவும் வேண்டும், தாக்கவும் வேண்டும். இரண்டுக்கும் இடையே பந்தைக் கொண்டு செல்லவும் வேண்டும். இன்று நாம் நடுக்கள ஆட்டக்காரர் என்று சொல்பவர் இப்படித்தான் தோன்றினார். சார்ல்டன் பிறவியிலேயே நடுக்கள ஆட்டக்காரர் அல்லர். இந்த மாற்றங்களினூடே வளர்ந்து அப்படி ஆனவர். அதுவே அவர் வரலாற்றில் நாம் படிக்கவேண்டிய பகுதி.

அவர் 1937 அக்டோபர் 11-ஆம் நாள் நார்தம்பர்லாந்தில் உள்ள ஆஷிங்டன் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். தந்தை சுரங்கத் தொழிலாளி. ஆண்மக்கள் நால்வருள் இவர் இரண்டாமவர், மூத்தவர் ஜாக். கால்பந்து தாய்வழிச் சொத்து. தாயுடன் பிறந்த ஆண்கள் நால்வரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். தாயின் உறவினரான ஜாக்கி மில்பர்ன் நியூகாசில் நகரமே கொண்டாடிய வீரர். அவ்வூரில் பையன்களுக்கு இரண்டு வழிகளே இருந்தன: ஒன்று பூமிக்கடியில் செல்வது, இன்னொன்று பந்தோடு வெளியூர் செல்வது. மூத்தவர் ஜாக் பள்ளியை விட்டதும் சிறிது காலம் சுரங்கத்தில் இறங்கிப் பார்த்து, அது தமக்கு ஆகாது என்று ஏறி வந்தவர். இளையவர் தேர்வில் தேறி இலக்கணப் பள்ளியில் படித்தார்.

1953-இல், 15 வயதில், பாபி வீட்டைவிட்டு மான்செஸ்டர் சென்றார். ஊரை விட்டு இரண்டு நாள் ரயிலில் வந்து இங்கே இறங்கிய நம்மில் பலருக்கு அந்த வயதின் தனிமையை விளக்கத் தேவையில்லை. கால்பந்து கைவிட்டால் கைத்தொழில் ஒன்று வேண்டுமே என்று, தொடக்கத்தில் மின்பொறித் தொழிலிலும் பயிற்சி பெற்றார். இது வீண் அச்சம் அன்று. அக்காலத்தில் ஆட்டக்காரரின் ஊதியத்துக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 1961 சனவரியில் அவ்வரம்பை நீக்கியபோது அது வாரத்துக்கு 20 பவுன். எவ்வளவு பெரிய வீரராயினும் அதற்குமேல் ஒரு காசு கிடையாது. இன்றைய ஆட்டக்காரர்கள் ஒரு வாரத்தில் பெறுவதைக் கேட்டால், அன்றையவர்கள் ஆயுள் முழுவதும் ஆடியும் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள் என்று தோன்றும்.

மான்செஸ்டர் யுனைடெட்டின் மேலாளர் மாட் பஸ்பி இளைஞர்களைத் திரட்டி ஓர் அணியை வளர்த்துக்கொண்டிருந்தார். ‘பஸ்பியின் பிள்ளைகள்’ என்று நாடு அவர்களை அழைத்தது. அவர்களுள் தலைசிறந்தவர் டங்கன் எட்வர்ட்ஸ். சார்ல்டனைவிட ஒரு வயது மூத்தவர். தம்மைவிட எல்லா வகையிலும் மேலானவர் என்று சார்ல்டன் இறுதிவரை சொல்லிவந்தவர். இருவரும் கட்டாய இராணுவப் பணியையும் ஓரிடத்திலேயே செய்தனர். 1956 அக்டோபர் 6-ஆம் நாள் சார்ல்டன் முதல்முறையாகக் கழக அணியில் இறங்கினார். கணுக்காலில் சுளுக்கு இருந்தது. பஸ்பி கேட்டபோது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இறங்கி இரண்டு கோல்கள் அடித்தார். எதிரணியின் பெயர் சார்ல்டன் அத்லெட்டிக் என்பது வேடிக்கையான பொருத்தம். அந்தப் பருவத்தில் யுனைடெட் நாட்டின் சாம்பியன் ஆயிற்று. அப்போது அவர் உள் முன்னணியர்; இரு கால்களாலும் இடிபோல் அடிக்கக்கூடியவர்; பந்து கிடைத்தால் கோலை நோக்கி ஓடுவதே அவர் வேலை.

அடுத்து 1958 பிப்ரவரி 6. அறிவியல் மாணவன் என்ற முறையில் இதனைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்கவேண்டும். முந்தைய நாள் பெல்கிரேடு நகரில் ரெட் ஸ்டார் அணியோடு 3-3 என்று முடித்து, ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதிக்குத் தகுதி பெற்று அணி திரும்பிக்கொண்டிருந்தது. அந்த மூன்றில் இரண்டு சார்ல்டனுடையவை. எரிபொருள் நிரப்ப விமானம் மியூனிக்கில் இறங்கியது. மீண்டும் கிளம்பும்போது இருமுறை முயன்று நிறுத்தினர். மூன்றாம் முறை ஓடுபாதையின் முடிவைத் தாண்டி, வேலியை உடைத்து, ஒரு வீட்டின் மேல் மோதியது. விமானத்தில் இருந்தவர் 44 பேர்; இறந்தவர் 23 பேர்; அவர்களுள் ஆட்டக்காரர் எண்மர். டங்கன் எட்வர்ட்ஸ் இரண்டு வாரம் மருத்துவமனையில் போராடி உயிர் நீத்தார். அப்போது அவருக்கு 21 வயது.

மூன்றாம் முயற்சிக்கு முன் சார்ல்டனும் டென்னிஸ் வயலட்டும் முன்வரிசைக்கு வந்து அமர்ந்தனர். டாமி டெய்லரும் டேவிட் பெக்கும் பாதுகாப்பு என்றெண்ணிப் பின்புறம் சென்றனர். பின்புறம் சென்ற இருவரும் இறந்தனர். சார்ல்டன் இருக்கையோடு வெளியே வீசப்பட்டுத் தலையில் சிறு காயத்தோடு தப்பினார்.

விமானம் ஏன் எழவில்லை? ஜெர்மனியில் நடந்த விசாரணை, இறக்கைகளில் உறைந்திருந்த பனியே காரணம், அதனை அகற்றாதது விமானி ஜேம்ஸ் தெய்னின் குற்றம் என்றது. தெய்ன் ஒப்பவில்லை. விமானம் 117 நாட் வேகத்தை எட்டியது. பிறகு, இயந்திரங்கள் முழு விசையில் இயங்கியும், 112 ஆகவும் 105 ஆகவும் குறைந்தது. இறக்கைப் பனி விமானத்தை மேலெழவிடாமல் தடுக்கலாம். தரையில் ஓடும்போது வேகத்தை இப்படித் திடீரென்று குறைக்குமா? வேகத்தின் இருமடியை எடுத்துக் கணக்கிட்டால், இயக்க ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சில நொடிகளில் காணாமற்போயிருக்கிறது. அதனை விழுங்கியது ஓடுபாதையின் கடைசிப் பகுதியில் கலையாமல் கிடந்த, பாதி உருகிய பனிக்குழம்பு. சக்கரம் அக்குழம்பை விலக்கித் தள்ளவேண்டும். அதற்கு வேண்டிய விசை குழம்பின் ஆழத்தோடும் வேகத்தின் இருமடியோடும் கூடுகிறது. மெதுவாகச் செல்லும் வண்டிக்கு அது வெறும் ஈரம். 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதற்கு அது தடுப்புச் சுவர். இந்த உண்மை ஓடுபாதைச் சோதனைகளால் நிலைநாட்டப்பட்டு, பிரிட்டனில் நடந்த மறு ஆய்வில் தெய்ன் குற்றமற்றவர் என்று முடிவானபோது ஏறத்தாழப் பத்தாண்டுகள் கடந்திருந்தன. அதற்குள் அவர் வேலையிழந்து கோழிப் பண்ணை நடத்திக்கொண்டிருந்தார். விமானத்தில் ஒரு கருவி காட்டிய மூன்று எண்களை ஒழுங்காகப் படித்திருந்தால் ஒரு மனிதரின் பெயர் கெட்டிராது. ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து அளவீடுகளைக் குறிக்கும் நாம் இதனை மறக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் சார்ல்டன் மீண்டும் ஆடினார். ஏப்ரலில் ஸ்காட்லாந்துக்கு எதிராக முதன்முறையாக நாட்டுக்காக இறங்கி ஒரு கோல் அடித்தார். மே மாதத்தில் இங்கிலாந்து அணியோடு விமானத்தில் அதே பெல்கிரேடுக்குச் செல்லவேண்டி வந்தது. அங்கே இங்கிலாந்து 0-5 என்று தோற்றது. ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பைக்கு அவரை அழைத்துச் சென்றனர். ஓர் ஆட்டத்திலும் இறக்கவில்லை. உடன் வளர்ந்தவர்கள் மாண்ட ஊரைத் தாண்டி, அவர்களோடு கடைசியாக ஆடிய நகருக்கே மூன்று மாதத்தில் ஓர் இருபது வயது இளைஞரை அனுப்பியவர்கள், அவர் நன்றாக ஆடவில்லை என்று குறை சொன்னார்கள்!

1958-59 பருவத்தில் லீக் ஆட்டங்களில் மட்டும் 29 கோல்கள் அடித்தார். அவர் அடித்தவற்றுள் இதுவே மிகுதி. எண்ணிக்கையை விரும்புவோர் இங்கேயே நிற்கலாம். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் அவர் இடது ஓரத்துக்கு மாற்றப்பட்டார். 1962-இல் சிலி நாட்டில் நடந்த உலகக் கோப்பையிலும் ஓர ஆட்டக்காரராகவே ஆடினார். கோடோரம் நிற்பவர் பந்து வரும்வரை காத்திருக்கவேண்டும். அது அவருக்குப் பிடித்தமான இடமன்று. அறுபதுகளின் நடுவில் பஸ்பியும், 1963-இல் இங்கிலாந்தின் மேலாளரான ஆல்ப் ராம்சேயும் அவரை நடுவுக்குக் கொண்டுவந்தனர். முதுகில் இருந்த எண் 9. அது முனையில் நிற்பவரின் எண். நின்ற இடமோ ஆடுகளத்தின் நடுப்பகுதி. ஹங்கேரியர் செய்த அதே வித்தை.

இந்த மாற்றத்தின் பயனைப் புரிந்துகொள்ள ஒன்றைக் கவனிக்கவேண்டும். சார்ல்டன் 25, 30 கஜத்திலிருந்து, வலக்காலாயினும் இடக்காலாயினும், கோலைத் துளைக்கக்கூடியவர். ஆதலால் அவர் பந்தோடு வரும்போது எதிரணியின் பின்காப்பாளர்கள் கோலருகே காத்து நிற்க முடியாது. முன்னே வந்து தடுத்தாக வேண்டும். வந்தால் அவர்கள் முதுகுக்குப் பின்னே வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடத்தில் டெனிஸ் லாவும் ஜார்ஜ் பெஸ்ட்டும் புகுந்துகொள்வர். வராமல் நின்றாலோ அவரே அடித்துவிடுவார். அடிக்காத அடிக்கும் வேலை உண்டு என்பது இதன் பொருள். நிலையாற்றல் பற்றிப் படித்தவர்க்கு இது புதிதன்று. அடித்த பந்துகளே பதிவேட்டில் ஏறுகின்றன. அடிக்கக்கூடும் என்ற அச்சத்தால் அவர் பிறர்க்குத் திறந்துகொடுத்த வழிகளை யார் எண்ணினார்கள்?

1966 உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்கு எதிராக அவர் அடித்த கோல் இதற்கு மறுபக்கம். தம் பகுதியிலேயே பந்தைப் பெற்று ஓடத் தொடங்கினார். உடன் ஓடிய ரோஜர் ஹன்ட் ஒரு பக்கமாக விலகவே, காப்பாளர்கள் பந்து அங்கே போகும் என்று எண்ணிப் பின்வாங்கிக்கொண்டே சென்றனர். ஒருவரும் எதிரே வரவில்லை. இடமிருந்து வலம் ஒரு மாற்று, ஓர் அடி, பந்து மேல் மூலையில். அதுவரை அந்தப் போட்டியில் இங்கிலாந்து ஒரு கோலும் அடித்திருக்கவில்லை.

காலிறுதியில் அர்ஜென்டினாவை எதிர்த்தபோது ராம்சே ஓர ஆட்டக்காரர்களையே விட்டுவிட்டார். பாலும் பீட்டர்சும் நடுவில் ஓயாமல் ஓட, நாபி ஸ்டைல்ஸ் பின்னே நின்று துப்புரவு செய்ய, சார்ல்டன் மையத்தில் ஆடினார். அரையிறுதியில் எதிரே போர்ச்சுகல், அதாவது யுசேபியோ. ஸ்டைல்ஸ் யுசேபியோவைக் கட்டிப்போட்டார்; சார்ல்டன் இரண்டு கோல்களும் அடித்தார்; ஆட்டம் 2-1. அவ்வாண்டின் ஐரோப்பியச் சிறந்த ஆட்டக்காரர் விருது சார்ல்டனுக்கே கிடைத்தது. யுசேபியோவைவிட ஒரே ஒரு புள்ளி மிகுதி. அந்த அரையிறுதியில் மகன்மார் இருவர் ஆடியும் தந்தை பார்க்கவில்லை. சுரங்கத்தில் தம் முறைவேலைக்குச் சென்றுவிட்டார்.

இனி இறுதியாட்டம், சூலை 30. மேற்கு ஜெர்மனியின் மேலாளர் ஹெல்முட் ஷோன், தம் அணியின் இருபது வயது மேதை பிரான்ஸ் பெக்கன்பவரிடம் ஒரே வேலையை ஒப்படைத்தார்: சார்ல்டனை விடாதே. பெக்கன்பவர் முன்னேறினால் அவரைத் தடுப்பது சார்ல்டனின் பொறுப்பு. ஆக இரு அணிகளின் சிறந்த இருவரும் ஒருவரையொருவர் நிழல்போல் தொடர்ந்து 120 நிமிடம் ஓடினர். இருவரும் கோல் அடிக்கவில்லை. இங்கிலாந்து 4-2 என்று வென்றது. மூன்று கோல்கள் அடித்த ஹர்ஸ்ட்டின் பெயர் உலகெங்கும் பரவியது. பதிவேட்டை மட்டும் படிப்பவர்க்கு அன்று சார்ல்டன் ஆடினாரா என்பதே ஐயமாக இருக்கும். ஆனால் பெக்கன்பவர் என்ன சொன்னார் தெரியுமா? சார்ல்டன் தம்மைவிடச் சிறிதளவு மேலாக இருந்ததனால்தான் இங்கிலாந்து வென்றது என்று பின்னாளில் கூறினார். எதிரே நின்றவரின் சான்று இது. கணிதத்தில் இரண்டு உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டால் விடையில் இரண்டும் தெரியா. ஆனாலும் அவ்விரண்டும் இல்லையென்றால் விடை வேறாக இருந்திருக்கும்.

1968 மே 29-ஆம் நாள் வெம்பிளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். எதிரே பென்பிகா, மீண்டும் யுசேபியோ. மியூனிக்கில் தப்பியவர்களுள் அன்று ஆடியவர் இருவரே: சார்ல்டனும் பில் போக்ஸும். சார்ல்டன் இப்போது அணித்தலைவர். முதல் கோலை அவர் தலையால் அடித்தார். அவரிடம் அரிதாகக் காணப்படுவது அது. கூடுதல் நேரத்தில் இன்னொன்று அடித்தார். 4-1. பத்தாண்டுகளுக்கு முன் பிள்ளைகளை இழந்த பஸ்பியும் அவரும் களத்தில் தழுவிக்கொண்டனர். இரவு விருந்துக்குச் சார்ல்டன் வரவில்லை. உடல் சோர்வு என்றனர், இருக்கலாம். அறையிலேயே இருந்துவிட்டார்.

எனினும் நம் கேள்விக்கு மிகத் தெளிவான விடை வெற்றியில் இல்லை, ஒரு தோல்வியில் இருக்கிறது. 1970 சூன் 14, மெக்சிகோவில் லியோன் நகரம், உலகக் கோப்பைக் காலிறுதி. மீண்டும் மேற்கு ஜெர்மனி. நண்பகல் வெயில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். சார்ல்டனுக்கு வயது 32. அது அவருடைய 106-ஆம் ஆட்டம். 49-ஆம் நிமிடத்தில் இங்கிலாந்து 2-0 என்று முன்னணியில் இருந்தது. 68-ஆம் நிமிடத்தில் பெக்கன்பவர் ஒரு கோல் அடித்தார். அடுத்து 70-ஆம் நிமிடத்தில் சார்ல்டனை வெளியேற்றிக் காலின் பெல்லை இறக்கினார் ராம்சே. அரையிறுதிக்கு அவரைக் களைப்பில்லாமல் வைத்திருக்கவேண்டும் என்பது எண்ணம். 82-இல் சீலர் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் முல்லர் வெற்றிக் கோலை அடித்தார். அரையிறுதி வரவேயில்லை.

சார்ல்டனை எடுத்ததனால்தான் முதல் கோல் விழுந்தது என்று பலர் சொல்வதுண்டு. நிமிடங்களைப் பார்த்தாலே அது தவறு என்று விளங்கும். கோல் விழுந்த பிறகே அவர் வெளியேறினார். நோய்வாய்ப்பட்ட கோல் காப்பாளர் கார்டன் பேங்க்ஸுக்குப் பதிலாக ஆடிய பொனெட்டியின் பங்கையும் மறுக்க முடியாது. ஆனால் பெல் நல்ல ஆட்டக்காரர், இளையவர், சோர்வறியாதவர் என்றெல்லாம் எடுத்துக்காட்டி, மாற்றத்தால் ஒன்றும் நேரவில்லை என்போருடனும் நான் உடன்படவில்லை. நான்காண்டுகளுக்கு முன் வெம்பிளியில் நிகழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். சார்ல்டன் களத்தில் இருந்தவரை பெக்கன்பவர் பின்னால் ஒரு கண் வைத்தே ஆடவேண்டியிருந்தது. அவர் வெளியேறியதும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. ஒரு மாறியை நீக்கிவிட்டு மற்றவற்றைப் பார்ப்பது நம் சோதனை முறை. ராம்சே தம்மையறியாமல் அச்சோதனையைச் செய்தார்.

தாயகம் திரும்பும் விமானத்தில், இனி என்னைத் தேர்வுக்குக் கருதவேண்டாம் என்று சார்ல்டன் ராம்சேயிடம் சொல்லிவிட்டார். 1973 ஏப்ரலில் கழக ஆட்டத்திலிருந்தும் விலகினார். அதன்பின் பிரெஸ்டன் அணியின் மேலாளராக இரண்டாண்டுகள் இருந்தார்; முதற்பருவத்திலேயே அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிற்று. ஆட்டத்தில் தம்பியைவிடக் குறைந்தவராகக் கருதப்பட்ட அண்ணன் ஜாக், அயர்லாந்து அணியின் மேலாளராகி அதனை 1990-இல் உலகக் கோப்பைக் காலிறுதிவரை கொண்டுசென்றார். செய்யத் தெரிவதும் செய்விக்கத் தெரிவதும் வெவ்வேறு என்பதற்கு நம் ஆசிரியர்களுள்ளும் சான்றுகள் உண்டு; பெயர் வேண்டாம்!

பாபி 1984-இல் யுனைடெட் கழகத்தின் இயக்குநர்களுள் ஒருவரானார். 1994-இல் சர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் அவர் செய்த ஒன்று நம்போன்றோர்க்குச் சுவையளிக்கும். கம்போடியாவிலும் போஸ்னியாவிலும் கண்ணிவெடிகளால் காலிழந்தவர்களைக் கண்டு, 2011-இல் ஓர் அறநிலையத்தைத் தொடங்கினார். கண்ணிவெடிகளை விரைந்து கண்டறியும் கருவிகளுக்கான பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு அந்நிலையம் பொருளுதவி செய்தது.

2020-இல் அவருக்கு மறதிநோய் இருப்பதைக் குடும்பத்தார் அறிவித்தனர். 1966 அணியில் இந்நோய்க்கு ஆளானவர் அவர் ஒருவர் அல்லர். ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், ஸ்டைல்ஸ், அண்ணன் ஜாக் ஆகியோரும் ஆளாயினர். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவரைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. மழையில் நனைந்து கனத்த தோல் பந்துகளைத் தலையால் முட்டியதை அன்று யாரும் ஒரு கணக்காக வைத்துக்கொள்ளவில்லை. தனி ஒருவரின் நோய்க்கு இதுவே காரணம் என்று புள்ளிவிவரத்தைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஆயினும் இப்போது இங்கிலாந்தில் சிறு குழந்தைகளுக்குத் தலையால் முட்டும் பயிற்சியைக் கட்டுப்படுத்தியிருக்கின்றனர்.

1966 இறுதியாட்டத்தின் முழுப் பதிவு இன்றும் காணக் கிடைக்கிறது. நம் சங்க நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி அதனைப் பார்க்கலாம் என்பது என் விருப்பம். பார்க்கும்போது ஒரு நிபந்தனை: முதற்பாதி முழுவதும் பந்தைப் பார்க்கக்கூடாது. சிவப்புச் சட்டையில் 9-ஆம் எண்ணையும், வெள்ளைச் சட்டையில் 4-ஆம் எண்ணையும் மட்டும் தொடரவேண்டும். ஒருவர் இடப்புறம் சாயும்போது மற்றவர் எத்தனை அடி தள்ளி நிற்கிறார், பந்து தொலைவில் இருக்கும்போதும் அந்த இடைவெளி மாறுகிறதா, அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் யார் நுழைகிறார்கள் என்று ஒருவர் தாளில் குறித்துக்கொண்டே வரலாம். ஒளிப்படக் கருவி பெரும்பாலும் பந்தின் பின்னேயே ஓடுவதால் இருவரும் அடிக்கடி திரையைவிட்டு மறைவர். மறைந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு லியோன் ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடங்களை எடுத்துக்கொள்வோம்.